ஏஎஃப்எல் டிராஃப்டில் எடுக்கப்படும் பையனுக்கு அப்புறம் என்ன ஆகிறது?

கேள்வி இது: "மெல்போர்னுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆபீஸில் எல்லாரும் ஃபுட்டி பேசுவதால் நானும் பார்க்கத் தொடங்கினேன். நவம்பரில் நடக்கும் டிராஃப்ட் நம்ம ஐபிஎல் ஏலம் மாதிரிதானா? 18 வயதுப் பையனை டிவியில் இவ்வளவு கொண்டாடுகிறார்களே, அப்புறம் அவனுக்கு என்ன ஆகிறது? நம்பர் ஒன்னாக எடுத்துவிட்டால் வாழ்க்கை செட்டில்தானே?"

சுருக்கமாகச் சொன்னால்: ஏலம் மாதிரி இல்லை, செட்டிலும் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேட்பவர்கள் அதிகம், சொல்பவர்கள் குறைவு.

ஐபிஎல் ஏலத்தில் நான்கு அணிகள் போட்டி போட்டால் விலை ஏறும். ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய ஃபுட்டியின் முதல் நிலை லீக்) டிராஃப்டில் விலை என்ற பேச்சே இல்லை. போன சீசனில் கடைசி இடத்தில் வந்த கிளப்புக்கு முதல் வாய்ப்பு, அதற்கு மேலே வந்த கிளப்புக்கு அடுத்த வாய்ப்பு என்று தலைகீழ் வரிசையில் பையன்களை எடுப்பார்கள். பையனை யாரும் கேட்பதில்லை. பெர்த்தில் பிறந்து வளர்ந்தவனை பிரிஸ்பேன் எடுத்தால் அவன் பிரிஸ்பேன்தான் போக வேண்டும். சுமார் 3,600 கிலோமீட்டர். முதல் ஒப்பந்தத்தின் காலமும் சம்பளமும், லீகும் வீரர்கள் சங்கமும் ஏற்கெனவே பேசி முடித்த கணக்குப்படிதான். இரண்டு மூன்று வருஷத்துக்கு அவன் பேரம் பேச ஒன்றுமில்லை.

இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அதில் ஒன்று நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும்: வாரிசு. அப்பா ஒரு கிளப்புக்கு 100 ஆட்டமாவது ஆடியிருந்தால், மகனை எடுக்க அந்த கிளப்புக்கு முன்னுரிமை. காலிங்வுட்டின் நிக் டெய்கோஸ் 2021-ல் அப்படி வந்தவர். அப்பா பீட்டர் டெய்கோஸ் அதே கிளப்பில் 250 ஆட்டம் ஆடியவர். வாரிசு என்று முணுமுணுத்தவர்கள் வாயை அவர் முதல் வருஷத்திலேயே அடைத்துவிட்டார் என்பது வேறு கதை.

டிராஃப்டில் நிற்க, அந்த வருஷம் டிசம்பர் 31-க்குள் 18 வயது ஆக வேண்டும். அதாவது பெரும்பாலானவர்கள் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருப்பார்கள். கெமிஸ்ட்ரி பேப்பர் எழுதிய கையில் ஒன்றிரண்டு வாரத்தில் கிளப் ஜெர்சி. அந்த ஜெர்சிக்கு இங்கே 'கர்ன்ஸி' என்று பெயர். 'ஜம்பர்' என்றும் சொல்வார்கள்.

இதுவரை ஃபுட்டி பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடுவது. ஒரு பக்கம் 18 பேர். நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கு நடுவே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1. பந்தை எறியக் கூடாது, ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்த வேண்டும். 15 மீட்டராவது பறந்து வந்த உதையை அப்படியே பிடித்தால் அது 'மார்க்'. பிடித்தவர் நின்று நிதானமாக உதைக்கலாம். இதில் முக்கியமான சங்கதி, ஆஃப்சைடு கிடையாது. அதனால் எதிராளி முன்னால் இருந்தும் வருவான், பின்னால் இருந்தும் வருவான், வானத்தைப் பார்த்தபடி பந்துக்காக ஓடும்போது பக்கவாட்டில் இருந்தும் வருவான். தலையில் ஹெல்மெட் இல்லை, தோளில் பேட் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

சரி, பையன் கிளப்புக்குள் போய்விட்டான். என்ன நடக்கும்?

வேறு மாநிலத்திலிருந்து வந்தவன் என்றால் பெரும்பாலும் ஒரு குடும்பத்தோடு தங்க வைப்பார்கள். கிளப்புக்குத் தெரிந்த யாரோ ஒரு அம்மா அப்பா, மாடியில் ஒரு அறை. துணி துவைக்கவும் முட்டை பொரிக்கவும் அங்கேதான் கற்றுக்கொள்கிறான். கோடைக்காலப் பயிற்சி உடனே தொடங்கிவிடும். தோலைக் கிள்ளிப் பிடித்துக் கொழுப்பு அளக்கிறார்கள். 2 கிலோமீட்டர் ஓட்டத்தை நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். முதுகில், இரண்டு தோள்பட்டைக்கு நடுவே, தீப்பெட்டி அளவில் ஒரு ஜிபிஎஸ் கருவி. எத்தனை கிலோமீட்டர் ஓடினான், எத்தனை முறை முழு வேகத்தில் ஓடினான் என்று எல்லாமே அன்று மாலையே ஒரு திரையில் வந்து நிற்கும். பள்ளியில் இவனைவிட உயரமானவன் இல்லை. இங்கே 28 வயது ஆள் ஒருவர் இடுப்பை லேசாகத் திருப்பினால் இவன் இரண்டடி தள்ளிப் போய் விழுகிறான்.

சீசன் மார்ச்சில் தொடங்கும். ஒரு கிளப்பின் பட்டியலில் 40-க்கு மேற்பட்டவர்கள் இருப்பார்கள். வார இறுதியில் களமிறங்குவது அதில் பாதிப் பேர்தான். பெரும்பாலும் வியாழன் மாலை அணி அறிவிப்பு வரும். பெயர் இல்லாதவர்கள் ஒரு படி கீழே உள்ள விஎஃப்எல் போன்ற போட்டியில், சில நூறு பேர் பார்க்க, ஆட வேண்டும். டிவியில் நீங்கள் பார்த்த அந்தக் கொண்டாடப்பட்ட பையன் அடுத்த ஜூன் மாதக் குளிரில் புறநகர் மைதானம் ஒன்றில் சகதியில் புரண்டுகொண்டிருப்பான். அதில் அவமானம் எதுவும் இல்லை, பாதிப் பேருக்கு அதுதான் பாதை. ஆனால் 18 வயதில் அது அப்படித் தோன்றாது.

பெயர் வந்துவிட்டால் மட்டும் அந்த வாரம் திருவிழா. முதல் ஆட்டத்துக்கு முன் கர்ன்ஸியைக் கையில் கொடுக்க அம்மாவையோ அப்பாவையோ, சில சமயம் தாத்தாவையோ கூப்பிட்டு அணியின் முன்னால் நிறுத்துவார்கள். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கமும் உண்டு: புதுப் பையன் முதல் கோல் அடித்தால், மைதானத்தின் மறு கோடியில் இருப்பவர் உட்பட அணி மொத்தமும் ஓடி வந்து அவனை மொய்த்துக்கொள்ளும். 2019 இறுதிப் போட்டியில் ரிச்மண்டின் மார்லியன் பிக்கெட் கோல் அடித்தபோது இதைப் பார்த்தேன். 27 வயது அவருக்கு. இளமையில் சிறைக்குப் போய் வந்தவர். டிராஃப்டில் வருஷா வருஷம் யாரும் எடுக்காமல், சீசன் நடுவில் நடக்கும் சிறு டிராஃப்டில் எடுக்கப்பட்டு, தன் முதல் ஏஎஃப்எல் ஆட்டமாக இறுதிப் போட்டியையே ஆடினார். 1952-க்குப் பிறகு அப்படி யாரும் அறிமுகமானதில்லை. எம்சிஜி மைதானத்தில் லட்சம் பேர் எழுந்து நின்றார்கள். எதிரணி ரசிகர்கள் பலரும்கூட.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்: நம்பர் ஒன்னாக எடுத்துவிட்டால் செட்டிலா? பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு டிராஃப்டை எடுத்துப் பார்ப்போம், 2014 நவம்பர். முதல் மூன்று பெயர்கள்: பேடி மெக்கார்ட்டின், கிறிஸ்டியன் பெட்ராக்கா, ஆங்கஸ் பிரேஷா. முதலாமவரை செயின்ட் கில்டா எடுத்தது. மற்ற இருவரையும் மெல்போர்ன் கிளப். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இப்போது கணக்குப் பார்க்கலாம்.

மெக்கார்ட்டினா பெட்ராக்காவா என்று அந்த வருஷம் பெரிய விவாதம். செயின்ட் கில்டாவின் முன்கள நாயகன் நிக் ரீவோல்ட்டுக்கு 32 வயதாகியிருந்தது. அவரும் 2000-ல் அதே கிளப் எடுத்த நம்பர் ஒன்தான், கடைசியில் 336 ஆட்டம் ஆடினார். அவர் இடத்தை நிரப்ப உயரமான ஒரு முன்கள வீரன் வேண்டும். மெக்கார்ட்டின் உயரம், பலசாலி, மார்க் பிடிப்பதில் பயமே இல்லாதவர். சிறு வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை நோய் இருந்தும் இந்த நிலைக்கு வந்தவர். கிளப்பின் முடிவில் அன்றைக்குத் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் வந்து "அப்பவே சொன்னேன்" என்பவர்களை நம்பாதீர்கள்.

பயமில்லாமல் பந்துக்குப் போவது என்ற அந்தக் குணமே வினையாக வந்தது. உயரமான முன்கள வீரனின் வேலை, பின்னோக்கி ஓடியபடி மேலே பார்த்துக் கை நீட்டுவது. மோதல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. மெக்கார்ட்டினுக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்வு. திரும்ப வந்தார். மறுபடி அதிர்வு. 2018 முடிவதற்குள் எட்டு முறை. செயின்ட் கில்டாவுக்காக அவர் ஆடியது 35 ஆட்டம்தான். 2019 முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, அந்த வருஷக் கடைசியில் கிளப்பும் அவரும் பிரிந்தார்கள். 23 வயது.

பெட்ராக்காவின் தொடக்கமும் நன்றாக இல்லை. எடுத்த மூன்றாவது மாதம், முதல் ஆட்டமே ஆடாத நிலையில், பயிற்சியில் முழங்காலில் ஏசிஎல் என்னும் தசைநார் கிழிந்தது. 2015 மொத்தமும் போச்சு. 2016-ல்தான் அறிமுகம். அப்புறமும் இரண்டு மூன்று வருஷம் "திறமை இருக்கிறது, ஆனால் உடம்பை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை" என்றுதான் பேசினார்கள். செயின்ட் கில்டா ரசிகர்கள் அந்தச் சமயத்தில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருப்பார்கள். பிறகு 2021 இறுதிப் போட்டி வந்தது. கோவிட் காரணமாக பெர்த்தில் நடந்தது. பெட்ராக்கா 39 முறை பந்தைத் தொட்டு அனுப்பினார், 2 கோல். ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்கு. மெல்போர்ன் கிளப் 57 வருஷத்துக்குப் பிறகு கோப்பை தூக்கியது. பிரேஷாவும் அதே அணியில்.

பிரேஷாவின் கதைதான் என்னை அதிகம் உலுக்கியது. அவருக்கும் ஆரம்ப வருஷங்களிலேயே அடுத்தடுத்துத் தலையில் அடி. மருத்துவர்கள் பார்த்தார்கள், ஓய்வு எடுத்தார், மென்மையான ஒரு தலைக்கவசம் போட்டுக்கொண்டு திரும்பினார். அந்தக் கவசம் மூளை அதிர்வைத் தடுக்காது, வெட்டுக் காயத்தைத்தான் தடுக்கும் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். இருந்தாலும் தைரியத்துக்கு உதவும்போல. 2018-ல் லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்க வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். கண்டத்தைத் தாண்டிவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தோம்.

2023 செப்டம்பர் 7, எம்சிஜி, காலிங்வுட்டுடன் பிளே-ஆஃப் கட்ட ஆட்டம். முதல் கால்பகுதி. பிரேஷா ஓடிவந்து பந்தை உதைக்கிறார். அதைக் கையால் தடுக்கக் காலிங்வுட்டின் பிரேடன் மேனார்ட் முன்னால் பாய்ந்து எம்புகிறார். பந்து போய்விட்டது. காற்றில் இருப்பவர் எங்கே இறங்குவது? உடம்பைத் திருப்பிக்கொண்டு இறங்கியதில் அவர் தோள் பிரேஷாவின் தலையில் இடித்தது. பிரேஷா அங்கேயே நினைவிழந்தார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அதன்பின் அவர் ஆடவே இல்லை. 2024 பிப்ரவரியில், 28 வயதில், மூளை ஸ்கேன் முடிவுகளைப் பார்த்த மருத்துவர்களின் சொல் கேட்டு ஓய்வை அறிவித்தார்.

இங்கே ஒரு விஷயம். மேனார்டும் 2014 டிராஃப்ட்தான், 30-வது பெயர். அடிபட்டவரும் இடித்தவரும் ஒரே வருஷத்துப் பையன்கள், அதே நகரத்தில் வளர்ந்தவர்கள். மேனார்ட் பிரேஷாவின் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். அதையும் சிலர் விமர்சித்தார்கள். போகாமல் இருந்திருந்தாலும் விமர்சித்திருப்பார்கள். ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்துக் குற்றமில்லை என்று விட்டது. அந்த மாதக் கடைசியில் மேனார்ட் கோப்பை வென்ற அணியில் இருந்தார். அடுத்த சீசனுக்குள் லீக் விதியை மாற்றியது: பந்தைத் தடுக்க எம்பிப் பாய்வது உன் முடிவு என்றால், அதனால் வரும் மோதலுக்கும் பெரும்பாலும் நீயே பொறுப்பு. மேனார்டைத் தண்டித்திருக்க வேண்டுமா என்று கேட்டால், இல்லை என்பேன். விதி மாறியது சரியா என்று கேட்டால், சரி என்பேன். இரண்டும் முரண்தான், இருக்கட்டும்.

மெக்கார்ட்டினை நடுவில் விட்டுவிட்டேன். அவர் கதை 23 வயதோடு முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தார். 2021-ல் சிட்னி கிளப்பின் இரண்டாம் அணியில் போய்ச் சேர்ந்தார். முன்கள வீரராக இல்லை, தற்காப்பு வீரராக. பின்களத்தில் நின்றால் ஆட்டம் முழுக்க முன்னால் தெரியும், முதுகில் வந்து இடிக்கும் ஆபத்து கொஞ்சம் குறைவு. 2022-ல் சிட்னி அவரை முதல் பட்டியலுக்கே எடுத்தது. அவர் தம்பி டாம் மெக்கார்ட்டின் அங்கே ஏற்கெனவே தற்காப்பு வீரர். அண்ணனும் தம்பியும் அக்கம்பக்கத்தில் நின்று ஆடி இறுதிப் போட்டி வரை போனார்கள். அதில் ஜீலாங்கிடம் 81 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். ஆனாலும் அந்த வருஷம் பேடியை எதிரணிக்காரர்கள்கூட மனசுக்குள் வாழ்த்திக்கொண்டுதான் பார்த்தோம். 2023 ஏப்ரலில் போர்ட் அடிலெய்டுடன் ஒரு ஆட்டம். பெரிய மோதல்கூட இல்லை, கீழே விழுந்தபோது தலை தரையில் பட்டது. அவ்வளவுதான். அந்த வருஷமே ஓய்வு.

ஆக, 2014-ன் முதல் மூன்று பேரில் இரண்டு பேரின் தொழில், 30 வயதைத் தொடுமுன் மூளை அதிர்வால் முடிந்தது. மூன்றாமவர் பெட்ராக்காவும் முழுதாகத் தப்பவில்லை. 2024 ஜூனில் மன்னர் பிறந்தநாள் ஆட்டத்தில் எதிராளியின் முழங்கால் விலாவில் இறங்கி, எலும்புகள் முறிந்து, நுரையீரலில் துளை விழுந்து, மண்ணீரல் கிழிந்தது. அந்த நிலையில் வலியோடு கொஞ்ச நேரம் களத்துக்குத் திரும்பி வேறு ஆடினார். அந்த எதிராளி காலிங்வுட் கேப்டன் டார்சி மோர். அவரும் 2014 டிராஃப்ட், ஒன்பதாவது பெயர். அந்த வருஷத்துப் பையன்களுக்கு ஒருவர் மேல் ஒருவர் விழுவதே வேலையாகப் போய்விட்டது. பெட்ராக்கா மெல்போர்னோடு 2029 வரை ஒப்பந்தம் போட்டிருந்தார். கடைசியில் 2025 அக்டோபரில் கோல்டு கோஸ்டுக்கு மாறினார். நீண்ட ஒப்பந்தம் என்பது கிளப்புக்கும் வீரருக்கும் இடையே கல்லில் எழுதிய எழுத்து இல்லை என்பதற்கு இது ஓர் உதாரணம்.

மூளை அதிர்வு வந்தால் ஏஎஃப்எல் வீரர் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்பது 2021 முதல் இருக்கும் விதி. அதே ஆட்டத்தை உள்ளூரில் ஞாயிற்றுக்கிழமை ஆடுபவர்களுக்கு 2024 முதல் 21 நாள். மேல்மட்டத்தில் மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள், அதனால் குறைவு என்பது விளக்கம். மூளைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. பெரும் பெயர் பெற்ற பாலி ஃபார்மர் இறந்த பிறகு, அவர் மூளையில் சிடிஇ (திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு) என்னும் நோய் இருந்தது 2020-ல் உறுதியானது. ஏஎஃப்எல் வீரர் ஒருவரிடம் அது கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. அதன் பிறகுதான் இந்தப் பேச்சு வீட்டு மேசை வரை வந்தது. பிள்ளையை ஃபுட்டிக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் கேட்பது அதனால்தான்.

உடம்பு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2013-ன் நம்பர் ஒன் டாம் பாய்ட். 200 சென்டிமீட்டர் உயரம், மெல்போர்ன் பையன். மேற்கு சிட்னியின் புது அணி ஜிடபிள்யூஎஸ் எடுத்தது. அங்கே ஒரே சீசன், 9 ஆட்டம். 2014 அக்டோபரில் ஊர் திரும்பினார், வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கிளப்புக்கு. ஏழு வருஷ ஒப்பந்தம், 60 முதல் 70 லட்சம் டாலர் வரை என்று செய்திகள் வந்தன. 19 வயது, 9 ஆட்டம், அந்தத் தொகை. அன்றிலிருந்து அவர் ஒரு பந்தைத் தவறவிட்டால் அது பந்து இல்லை, டாலர். "இதுக்கா இவ்வளவு?" என்று ரேடியோவிலும் ரயிலிலும் பேசினார்கள். நானும் பேசியிருக்கிறேன், மறைப்பானேன்.

2016 அக்டோபர் 1. புல்டாக்ஸ் 1954-க்குப் பிறகு கோப்பை தொடாத கிளப். ஏழாம் இடத்திலிருந்து ஏறி ஏறி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. கடைசிக் கால்பகுதியில் சிட்னி விரட்டிக்கொண்டிருக்கிறது. சிட்னியின் நட்சத்திரம் லான்ஸ் ஃபிராங்க்ளினை டேல் மோரிஸ் பிடித்து அமுக்குகிறார், பந்து சிதறுகிறது, பாய்ட் எடுக்கிறார். கோல் கம்பம் 60 மீட்டருக்கும் மேல். உதைத்துவிட்டார். பந்து கோல் முன்னால் காலியாகக் கிடந்த புல்லில் விழுந்து, ஒரு முறை, இன்னொரு முறை துள்ளி, நேராக உள்ளே போனது. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்குத் தெரியும்! அன்று அவருக்கு 3 கோல். மொத்தச் சம்பளமும் அந்த ஒரு உதைக்கே சரியாய்ப் போச்சு என்று புல்டாக்ஸ்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

எட்டே மாதம் கழித்து, 2017 நடுவில், மன அழுத்த நோய் காரணமாக பாய்ட் விடுப்பு எடுத்தார். இரவில் தூக்கமே இல்லாமல் தவித்ததைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கோப்பைக்கு முன்பும் அது இருந்தது, பின்பும் இருந்தது. 2019 மே மாதம் ஓய்வு அறிவித்தார், 23 வயது, மொத்தம் 61 ஆட்டம். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டரை வருஷம் பாக்கி இருந்தது. அந்தப் பணத்தை விட்டுவிட்டுப் போனார். முன்பு "இதுக்கா இவ்வளவு" என்றவர்களில் நிறையப் பேர் அன்று வாயைத் திறக்கவில்லை.

நல்லபடி போனதே இல்லையா என்று கேட்பீர்கள். போகிறது. 2019-ன் நம்பர் ஒன் மாட் ரோவல். கோல்டு கோஸ்ட் எடுத்தது. முதல் சீசனில் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் சிறந்த வீரர், நாடே பேசியது. ஐந்தாவது ஆட்டத்தில் தோள் கழன்றது, சீசன் முடிந்தது. அடுத்த வருஷம் முதல் ஆட்டத்திலேயே முழங்கால். "அவ்வளவுதான் இவன்" என்ற பேச்சு வந்தது. அவர் பேசவில்லை, வருஷா வருஷம் பந்துக்கு முதலில் குனிபவராக இருந்தார். 2025-ல் 39 வாக்குகளோடு பிரவுன்லோ பதக்கம். அதே வருஷம் கோல்டு கோஸ்ட் தன் வரலாற்றில் முதல் முறையாக பிளே-ஆஃப் கட்டத்துக்குப் போனது. நம்பர் ஒன்னாக எடுக்கப்பட்டு ஆறாவது சீசன் அது. ஆறு சீசன் காத்திருக்கும் பொறுமை கிளப்புக்கு இருக்க வேண்டும். முதல் வரிசையில் எடுத்த பையனுக்கு அந்தப் பொறுமை கிடைக்கும், 50-வதாக எடுத்தவனுக்கு அவ்வளவு கிடைக்காது. உங்கள் கேள்விக்கு, நம்பர் ஒன்னின் நிஜமான பலன் இதுதான் என்பேன்: கூடுதலாக இரண்டு மூன்று வருஷ அவகாசம்.

செட்டில் என்றால் பணமும்தானே, அதையும் சொல்கிறேன். முதல் வரிசைப் பையனின் முதல் வருஷ அடிப்படைச் சம்பளம் லட்சம் டாலர் அளவில் இருக்கும், ஆடும் ஆட்டத்துக்குத் தனியாக வரும். 18 வயதுக்கு நல்ல பணம். லீகின் சராசரி அதைவிடப் பல மடங்கு, ஆனால் சராசரியை மேலே இழுப்பவர்கள் எட்டுப் பத்து வருஷம் ஆடியவர்கள். ஒரே கிளப்பில் எட்டு சீசன் முடித்தால் வேறு கிளப்போடு பேசும் உரிமை கிடைக்கும். அந்த எட்டை எட்டுவதுதான் பாடு. நவம்பரில் ஐந்து பேர் உள்ளே வந்தால், அதற்கு முன்பே ஐந்து பேர் வெளியே போயிருக்க வேண்டும், பட்டியலின் நீளம் மாறாது. சீசன் முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதில் பத்து நிமிஷத்தில் பேச்சு முடிந்து வெளியே அனுப்பப்படும் பையன்கள் 20, 21 வயதுக்காரர்கள். அவர்கள் பெயர் பேப்பரில் ஒரு வரி வரும். டிராஃப்டில் வந்தவர்களில் 50 ஆட்டத்தைத் தொடாதவர்களே அதிகம். வீரர்கள் சங்கம் படிப்புக்கு உதவித்தொகை தருகிறது, பலர் ஆடும்போதே யூனிவர்சிட்டியில் ஒன்றிரண்டு பாடம் படிக்கிறார்கள். சிலர் தச்சு வேலை, மின்சார வேலை கற்கிறார்கள். என்னைக் கேட்டால் டிராஃப்ட் வயதை ஒரு வருஷம் தள்ளி வைப்பது நல்லது. பள்ளி முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்து ஆடிவிட்டு வரட்டும். இது பற்றிப் பல வருஷமாகப் பேச்சு நடக்கிறது.

வீட்டு ஏக்கத்தையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2021-ன் நம்பர் ஒன் ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் அடிலெய்டு பையன். நார்த் மெல்போர்ன் எடுத்தது. 17 ஆட்டம், ஒரே சீசன், ஊருக்குத் திரும்பிப் போர்ட் அடிலெய்டில் சேர்ந்துவிட்டார். இன்றும் அவர் மெல்போர்னுக்கு ஆட வந்தால் அந்த கிளப் ரசிகர்கள் கூச்சல் போடுகிறார்கள். விருப்பம் கேட்காமல் எடுத்தார்கள், விருப்பப்பட்டுத் திரும்பினான். 19 வயதில் நானும் அம்மா சமையலுக்குத்தான் திரும்பியிருப்பேன்.

இந்த வருஷம் டிராஃப்டில் ஒரு பையன் கண்ணில் பட்டால், அவனைப் பார்க்க எம்சிஜிக்குப் போகாதீர்கள். அடுத்த வருஷம் ஏப்ரல், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை விஎஃப்எல் ஆட்டத்துக்குப் போங்கள். வில்லியம்ஸ்டவுன் மைதானமோ சாண்ட்ரிங்ஹாம் மைதானமோ, இரண்டும் கடலோரம், காற்று பிய்த்துக்கொண்டு போகும், ஸ்வெட்டர் கட்டாயம். கால்பகுதி இடைவேளையில் ரசிகர்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் போகலாம், அணி வட்டமாக நிற்கும் இடத்துக்கு மிக அருகில் நின்று கோச் பேசுவதைக் கேட்கலாம். போன வருஷம் அப்படி நின்றபோது எனக்கு முன்னால் ஒரு பையன். விரல்களில் டேப், காதில் காய்ந்த சேறு, வெள்ளைப் பலகையில் கோச் போட்ட அம்புக்குறியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தான். விசில் ஊதினார்கள். போகிற போக்கில் பக்கத்தில் இருந்தவனிடம் மெதுவாகக் கேட்டான்: "நாம எந்தப் பக்கம் உதைக்கணும்?"